நெருக்கடியில் ஒரு நிறுவனத்தை நடத்துவது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சிறு தொழிற்கூடங்களுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும், இரண்டொரு தனியார் பள்ளிகளுக்கும் கணக்கு எழுதித் தருவது என் தொழில். 2015 வெள்ளம், 2020 ஊரடங்கு, 2023 டிசம்பர் என ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே ஐயங்களோடுதான் ஆட்கள் வந்தார்கள். இவற்றையெல்லாம் கணக்காளரிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் வியப்பாக இருந்தது. எந்த நெருக்கடியும் கடைசியில் கையிருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது என்பது பிறகு புரிந்தது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லாகவே விட்டிருக்கிறேன்.

நெருக்கடி என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்களுக்குத் தினமும் பிரச்சினைதான்.

லேத் ஒன்று பழுதானால் அது பிரச்சினை. வழக்கமான ஆள், வழக்கமான முறைப்படி, வழக்கமான செலவில் அதைச் சரிசெய்துவிடுவார். பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, நாளை மறுநாள் அனுப்ப வேண்டிய சரக்கு உள்ளே இருக்கிறது, வேலையாட்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால், வழக்கமான ஏற்பாடு எதுவும் அங்கே செல்லாது. முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கியிருக்கும், கையில் உள்ள தகவல் அரைகுறையாக இருக்கும், தாமதித்தால் பாதிப்பு நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் பரவும். இந்த மூன்றும் சேர்ந்தால் அதை நெருக்கடி என்று கொள்ளலாம்.

நெருக்கடிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எச்சரிக்கை சில நாள்களுக்கு முன்பே வந்திருந்தது. அந்த வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போய்ப் படகுகளிலும் வலைகளிலும் படியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எச்சரிக்கை என்று எதுவுமே இல்லாமல் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். முன்னறிவிப்போடு வருவதற்கும் நள்ளிரவில் வருவதற்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

எங்களிடம் மொத்தமே பன்னிரண்டு பேர். இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?

பெரிய நிறுவனத்தில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார். பன்னிரண்டு பேர் உள்ள பட்டறையில் மின் இணைப்பு எண், காப்பீட்டு பாலிசி இருக்கும் இடம், வங்கிக் கடவுச்சொல், சரக்கு தருபவரின் கைப்பேசி எண், மாற்றுச் சாவி ஆகிய எல்லாமே முதலாளியின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் மற்ற பதினோரு பேருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே சிறிய இடத்துக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. இவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை நம்பகமான ஒருவரிடமும் கொடுத்து வைப்பது அரை நாள் வேலை. கடவுச்சொல்லை மட்டும் உறைக்குள் போட்டு, உறையை ஒட்டி வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆட்களை எண்ண வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணுவது போதாது. மேஸ்திரி மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், மாடியில் தங்கியிருக்கும் ஒடிசா, பிகார் இளைஞர்கள், தேநீர் கொண்டுவருபவர், சரக்கு ஏற்ற வந்த லாரியின் ஓட்டுநர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருப்பதில்லை. யார் பத்திரமாக இருக்கிறார், யாரைப் பற்றித் தெரியவில்லை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணைப்பது, 112 அல்லது 108ஐ அழைப்பது, நச்சுவாயு நெடி என்றால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக ஆட்களை நகர்த்துவது ஆகியவை இதனோடு ஒட்டி நடக்க வேண்டியவை. இந்தக் கட்டத்தில் சரக்கைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ தலைவர் ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது. பேசினால் யாராவது ஒருவர் விசுவாசத்தைக் காட்டுவதற்காகவே உள்ளே போவார்.

ஆட்களின் கணக்கு தெளிவானதும் தலைவர் சொல்ல வேண்டியவை இரண்டே இரண்டு: இன்று முடிவுகளை எடுப்பவர் யார், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும். மாலை ஆறு மணிக்குச் சொல்கிறேன் என்றால், சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு அதையே சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை, சரியான முடிவை உடனே எடுத்த தலைவர்களைவிட, சொன்ன நேரத்தில் வந்து நின்ற தலைவர்களின் நிறுவனங்களே கூடுதலாகத் தப்பின.

ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நேரம், கிடைத்த தகவல், சொன்னவர், எடுத்த முடிவு என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூட நோட்டு போதும், பேனா மட்டும் தண்ணீரில் கரையாத மையாக இருக்கட்டும். இந்த நோட்டு பின்னால் மூன்று இடங்களில் உதவப் போகிறது.

முழு விவரம் தெரியாமல் தலைவர் பேசலாமா? தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது?

பேச வேண்டும். ஆனால் தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது, அடுத்த தகவலுக்கான நேரம் என்ற நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தவறு பெரும்பாலும் பேசுவதால் வருவதில்லை. சரிபார்க்காத ஒன்றை ஆறுதலுக்காக உறுதியாகச் சொல்வதால் வருகிறது.

நம் கடற்கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்ற பொருளில்தான் துறைமுகத் தரப்பின் தொடக்கச் செய்தி வந்தது. அடுத்த நாள்களில் எண்ணூர், திருவொற்றியூர்க் கரைகளில் தார்க்குழம்பு போல எண்ணெய் ஒதுங்கி, தன்னார்வலர்களும் பணியாளர்களும் வாளிகளால் அள்ளி அப்புறப்படுத்தும் காட்சியை நாடே பார்த்தது. அதன் பிறகு வந்த எந்த அறிவிப்பையும் மீனவக் குப்பங்களில் நம்புவாரில்லை. அந்தச் சில நாள்களில் மீன் வாங்கவும் ஆள் வரவில்லை. கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், மாலைக்குள் சொல்கிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் எண்ணெய் குறைந்திருக்காது, ஆனால் நம்பிக்கை எஞ்சியிருக்கும்.

எங்கள் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இதை வெள்ளம் வந்த பிறகு தீர்க்க முடியாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவான சங்கமாக இருந்தால் உங்கள் துணைவிதிகளை எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலானவற்றில் அவசரச் செலவு பற்றி ஒரு வரி கூட இருக்காது, அல்லது என்றோ எழுதிய மிகச் சிறிய தொகை இருக்கும். அடுத்த செயற்குழுவிலேயே ஒரு தீர்மானம் போடுங்கள்: அவசர நிலையை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், எந்தத் தொகை வரை அவர் கேட்காமல் செலவிடலாம், எத்தனை நாளுக்குள் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

அவசரத்தில் ஒருவரே முடிவெடுக்கக்கூடியவையும் அப்போதும் குழுவாகவே எடுக்க வேண்டியவையும் வேறு வேறு. தண்ணீர் இறைக்கும் மோட்டாரை வாடகைக்கு எடுப்பது, டீசல், உணவு, மருந்து, வண்டி ஆகியவற்றைப் பொறுப்பாளர் தாமே முடிவு செய்யட்டும். சொத்தை அடகு வைப்பது, ஆளை நீக்குவது, ஓராண்டுக்கு மேல் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது ஆகியவை எவ்வளவு அவசரம் என்றாலும் குழுவுக்குப் போக வேண்டும். இப்போது கைப்பேசியிலேயே கூட்டம் நடத்த முடிகிறது என்பதால் காரணம் சொல்லவும் இடமில்லை. வவுச்சர் கிடைக்காத செலவுகளை மேலே சொன்ன நோட்டில் எழுதி, உடனிருந்த ஒருவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். அவசரக் காலத்தில் ரசீது இல்லாததை எந்த உறுப்பினரும் பொறுத்துக்கொள்வார், குறிப்பே இல்லாததைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் வதந்திதான் ஓடுகிறது. குழுவையே மூடிவிடலாமா?

மூடினால் நீங்கள் இல்லாத இன்னொரு குழு அரை மணி நேரத்தில் தொடங்கிவிடும். பொறுப்பாளர்கள் இருவர் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றி, முன்பே சொன்ன குறித்த நேரங்களில் தகவல் போடுங்கள். எழுத்தைவிடத் தலைவரின் குரற்பதிவு எளிதில் சென்று சேரும், படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் உதவும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே இந்தியில் பேசிப் போடச் சொல்லுங்கள்.

கைப்பேசி அணைந்துபோனவர்களை மறந்துவிடக் கூடாது. தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையின் ஷட்டரில் 2023 வெள்ளத்தின்போது ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். கணக்கு நோட்டின் தாளில், நீல மையில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார்கள்: “தண்ணீர் வடியவில்லை. உள்ளே யாரும் போக வேண்டாம். டிசம்பர் 7 வியாழன் காலை 10 மணிக்கு எதிர் டீக்கடை வாசலில் கூடுவோம். சம்பளம் வழக்கம்போல 10ஆம் தேதி.” அதன் கீழே ஒரு கைப்பேசி எண். நெருக்கடிக் காலத் தொடர்பு பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாம் அந்த நான்கு வரிகளில் இருந்தன.

பணம் இல்லை. சம்பளத்தை நிறுத்தி வைக்கலாமா? யாருக்கு முதலில் கொடுப்பது?

முதலில் பணம் இல்லை என்பதைத் தாளில் காட்டுங்கள். அடுத்த பதின்மூன்று வாரங்களுக்கு வாரத்துக்கு ஒரு பத்தியாக, உறுதியாக வரக்கூடிய பணத்தையும் கட்டாயம் போக வேண்டிய பணத்தையும் எழுதினால், எந்த வாரத்தில் கை வறளும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலோர் வர வேண்டிய பாக்கியை வந்துவிட்டதாகவே எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதானால் தாளே தேவையில்லை. பற்றாக்குறை ஆறாவது வாரத்தில் என்று முதல் வாரத்திலேயே தெரிந்தால், செய்வதற்கு ஐந்து வாரம் இருக்கிறது.

வரிசை என்று கேட்டால், முதலாளியும் பங்குதாரர்களும் எடுக்கும் தொகையை முதலில் குறையுங்கள், அது மற்றவர்களுக்குத் தெரியட்டும். அடுத்து, குறைந்த சம்பளக்காரருக்கு முழுதாகவும், கூடுதல் சம்பளக்காரருக்கு அவர்களிடம் பேசிய பின் பகுதியாகவும் கொடுக்கலாம். தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாமல் மற்ற செலவுக்கு எடுப்பது கடன் அன்று, குற்றம்; எவ்வளவு இக்கட்டிலும் அதைத் தொடாதீர்கள். சரக்கு தந்தவர்களில் சிறியவருக்கு முதலில் கொடுங்கள், பெரியவரிடம் தவணை கேளுங்கள். ஆட்குறைப்பு, ஆட்களைத் தற்காலிகமாக வேலையின்றி நிறுத்தி வைப்பது (லே-ஆஃப்) ஆகியவற்றுக்குச் சட்ட நடைமுறை உண்டு. வாய்மொழியாக நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லுமுன் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள்.

வங்கிக்குத் தவணைத் தேதிக்கு முன்பே போக வேண்டும், தவறிய பிறகு போகக் கூடாது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க அனுமதித்தது, பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அதைத் தள்ளுபடி என்று நினைத்து, வட்டி ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்காதவர்கள் இங்கே ஏராளம். அதே ஆண்டு மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த நிலுவைக் கடனில் 20 விழுக்காடு வரை புதிய அடமானம் இல்லாமல் கிடைத்தது. கணக்கு ஒழுங்காக இருந்தவர்களுக்கு அது உயிர் காத்தது. கடன் முன்பே வாராக் கணக்கில் போயிருந்தவர்களுக்கு வாசலோடு சரி. நெருக்கடிக்கால உதவி நெருக்கடிக்கு முந்தைய கணக்கைப் பார்த்தே தரப்படுகிறது என்பதை ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நான் புலம்பும்போது யாரும் காதில் வாங்குவதில்லை.

உண்மை நிலையைச் சொன்னால் நல்ல ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். சொல்லாவிட்டாலும் அவர்கள்தான் முதலில் போவார்கள், கூடவே கோபத்தோடு போவார்கள். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி வட்டாரத்தில் தாத்தா காலத்திலிருந்து ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா, திரு.வி.க. முதலானோரின் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில் தொழிலாளர்களை வைத்துத்தான். அந்த மில் 1990களில் மூடப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். மூலப்பொருள் லாரி வருவது குறைவதையும் ஓவர்டைம் நின்றுபோவதையும் பார்த்தே நிலைமையைக் கணித்துவிடும் ஊரில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தலைவர் தம்மை மட்டுமே ஏமாற்றிக்கொள்கிறார்.

சொல்லும்போது எண்ணைச் சொல்லுங்கள். கொஞ்சம் சிரமம் என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். ஆறு வாரச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, இரண்டு ஆர்டர்கள் கைக்கு வந்தால் பத்து வாரமாகும் என்றால் அவரவர் தம் குடும்பக் கணக்கைப் போட்டுக்கொள்ள முடியும். யாரையும் நீக்க மாட்டேன் என்ற வாக்கை மட்டும் அந்தப் பதின்மூன்று வாரத் தாள் அனுமதித்தாலன்றிக் கொடுக்காதீர்கள்.

இயந்திரமெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிட்டது. காப்பீடு இருக்கிறது, முழுப் பணமும் வந்துவிடும் அல்லவா?

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரங்களையும் சரக்கையும் கட்டணம் குறையட்டும் என்று 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், வெள்ளத்தில் 10 லட்சம் சேதம் என்று வையுங்கள். காப்பீட்டுத் தொகைக்கு உள்ளேதானே சேதம் இருக்கிறது, 10 லட்சமும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் சேதத்திலும் பாதி, அதாவது 5 லட்சம்தான் கணக்காகும், அதிலிருந்தும் நீங்களே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் உள்ள தொகை கழியும். 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், ஓரிடத்தில் 5 கோடி வரை சொத்துள்ள நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு வரையிலான குறைமதிப்பைப் பொருட்படுத்துவதில்லை. பாதிக்குப் பாதி குறைத்தவருக்கு அது உதவாது. பழைய வகைப் பாலிசி என்றால் வெள்ளம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சேதம் நடந்தபின் செய்ய வேண்டியவை: துடைப்பதற்கு முன் படம் எடுங்கள், ஒவ்வோர் இயந்திரத்தின் வரிசை எண் தெரியும்படியும் எடுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று மோட்டாரைப் போடாதீர்கள். ஈரச் சுருளில் மின்சாரம் பாய்ந்து எரிந்தால் அது வெள்ளச் சேதமா, உங்கள் அவசரமா என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். முதல் மணி நேரத்தில் தொடங்கிய நோட்டு உதவும் முதல் இடம் இதுவே.

கம்ப்யூட்டரை யாரோ முடக்கிவிட்டார்கள், கணக்கிலிருந்து பணமும் போயிருக்கிறது. இதுவும் நெருக்கடியா?

ஆம், இதில் மணி நேரத்துக்குப் பதிலாக நிமிடம்தான் கணக்கு. இணைய இணைப்பைத் துண்டியுங்கள், வங்கியை அழையுங்கள், 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். விரைவாகச் சொன்னால் போன பணத்தைப் போகிற வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் இட்ட உத்தரவுப்படி இத்தகைய தாக்குதல்களைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு உங்கள் பெயரில் பணம் கேட்டுச் செய்தி போகும் என்பதால் அவர்களுக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

தவறு எங்களுடையது இல்லை. பிறகு நாங்கள் ஏன் முன்னால் போய் நிற்க வேண்டும்?

1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களைச் சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். கடைகளில் இருந்த குப்பிகளில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் ஆலையில் தவறு இல்லை. இருந்தும் நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்று, பிறர் பிரித்தால் தெரிந்துவிடும்படியான மூடியோடு மறுபடியும் கொண்டுவந்தார்கள். மக்கள் திரும்ப வாங்கினார்கள். யார் தவறு என்பதை நீதிமன்றம் பின்னால் முடிவு செய்யட்டும், பாதிக்கப்பட்டவர் இப்போது எதிரில் நிற்கிறார் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட நிலை.

நம் அளவில் சொன்னால், உங்கள் பட்டறையை ஒட்டிய தெருவில் நெடி வீசுகிறது என்று பெண்கள் வாசலில் கூடினால், அது பக்கத்து ஆலையிலிருந்து வருவதாக இருந்தாலும் கதவைச் சாத்தாதீர்கள். வெளியே வந்து, எங்கள் வால்வுகளை இப்போது மூடிவிட்டோம், இருவர் வந்து பாருங்கள் என்று அழையுங்கள். தவறு உங்களுடையதாகவே இருந்தால், நேர்ந்த பாதிப்புக்கு வருத்தம் சொல்வதற்கும் காரணத்தை ஆராயாமல் ஒப்புக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு. வருத்தத்தை அன்றே சொல்லலாம், காரணத்தை வழக்கறிஞரோடும் பொறியாளரோடும் பேசிய பிறகு சொல்லலாம். சிகிச்சைச் செலவை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுகிறவர்கள்மீது பகை நீடித்து நான் பார்த்ததில்லை.

மாநகராட்சி, அரசு உதவிக்கு யாரை அழைப்பது? அழைத்தால் வருவார்களா?

சென்னை மாநகராட்சிக்கு 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று வடக்கே பல மண்டலங்கள் இருப்பதால் உங்கள் மண்டலம், வார்டு எண் இரண்டையும் சொல்லுங்கள். புகார் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு உதவும் இரண்டாவது இடம் இது. மழை பெய்யும்போது எல்லோரும் அழைப்பதால் தாமதம் இருக்கும், ஆகவே ஒரு மோட்டாருக்கு முன்பே ஏற்பாடு வைத்திருங்கள்.

தலைவரே பிரச்சினைக்குக் காரணம் என்றால் யார் நடத்துவது?

2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கைப் பல ஆண்டுகளாகப் பொய்யாகக் காட்டியதைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சில நாள்களிலேயே மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கி, தீபக் பரேக், கிரண் கார்னிக் உள்ளிட்டோரை அமர்த்தியது. சுமார் 50,000 பேர் வேலை செய்த இடத்தில் அவர்கள் முன்னால் இருந்த அவசரம் அந்த மாதச் சம்பளமும் வெளியேறத் துடித்த வாடிக்கையாளர்களும்தான். அந்த ஏப்ரலிலேயே சத்யத்தை டெக் மகிந்திரா எடுத்துக்கொண்டது. குற்றத்தை விசாரிப்பதும் நிறுவனத்தை ஓட்டுவதும் தனித்தனிக் கைகளில் இருந்ததால் அது முடிந்தது.

உங்கள் சங்கத்துப் பொருளாளர்மீது புகார் என்றாலும் இதையே செய்யுங்கள். விசாரணை முடியும் வரை கையொப்ப அதிகாரத்தைக் குழுத் தீர்மானத்தின் மூலம் இன்னொருவருக்கு மாற்றி, வங்கிக்குப் பிரதி கொடுங்கள். கணக்குப் புத்தகங்களைப் பட்டியலிட்டு வாங்குங்கள். சங்கத்தின் அன்றாட வேலை நிற்காமல் பாருங்கள். புகார் பொய்யென்று தெரிந்தால் அவர் திரும்பி வரும் வழி அடைபடாதபடி பேசுவதும் தலைமையின் வேலைதான். பகிரங்கமாகத் திட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்கும் கூட்டங்களில் உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது.

நெருக்கடி முடிந்துவிட்டது என்று எப்போது சொல்வது?

தண்ணீர் வடிந்ததும் முடிந்துவிடாது, எல்லாக் கடனும் அடையும் வரை நீட்டவும் கூடாது. வழக்கமான ஆட்கள் வழக்கமான முறைப்படி வேலையை நடத்தும் நிலை வந்ததும், தேதி போட்டு அறிவித்து, தனி ஒருவருக்குக் கொடுத்த அவசர அதிகாரத்தைத் திரும்பப் பெறுங்கள். இதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். வெள்ளத்துக்காகக் கொடுத்த செலவு அதிகாரம் அடுத்த பொங்கல் விழாவுக்கும் பயன்பட்ட சங்கங்கள் உண்டு.

ஒரு மாதத்துக்குள் கூடி, நோட்டை வரிசையாகப் படியுங்கள். அது உதவும் மூன்றாவது இடம் இது. எந்த மணிக்கு நமக்கு என்ன தெரிந்திருந்தது, அப்போது ஏன் அந்த முடிவை எடுத்தோம் என்று கேட்டால் பதில் வரும். யார் செய்தது என்று தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

பட்டறையிலும் தண்ணீர், வீட்டிலும் தண்ணீர். முதலில் எங்கே போவது?

இதைக் கேட்டவர் வியாசர்பாடியில் வீடும் இரண்டு தெரு தள்ளிப் பட்டறையும் வைத்திருப்பவர். வடசென்னையில் முதலாளி, மேஸ்திரி, தொழிலாளி எல்லோரும் ஒரே தாழ்வான பகுதியில் குடியிருப்பதால் இது பலருக்கும் பொருந்தும். வீட்டுக்கே போங்கள். வயதான தாயை மேல்மாடிக்கு ஏற்றாமல் வந்து நிற்கும் தலைவரால் நல்ல முடிவு எதையும் எடுக்க முடியாது, தொழிலாளிகளும் தம் வீட்டை விட்டு வரத்தான் வேண்டுமோ என்று தயங்குவார்கள். போவதற்கு முன் பொறுப்பை மாற்றிவிட்டேன் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள்.

அதற்குத்தான் துணைப் பொறுப்பாளர் அதே தெருவில் இருக்கக் கூடாது என்கிறேன். திறமையில் சற்றே குறைந்தவராக இருந்தாலும் பாதகமில்லை. வேறு வட்டாரத்தில் குடியிருக்கும், உங்கள் பகுதி மூழ்கும்போது தம் வீட்டைப் பற்றி அதே நேரத்தில் கவலைப்படத் தேவையில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு, அவரிடம் மாற்றுச் சாவியும் அந்த ஒற்றைத் தாளும் மட்டும் கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்து ஆட்களை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். எதை எழுத மறந்தீர்கள் என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.